சாங்டோங் டங்ஸ்டன் சுரங்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 கடைசியில் மதுரை மேலூர்ப் பக்கம் டங்ஸ்டன் பேச்சு கிளம்பியதிலிருந்து, நிலவியல் படித்தவன் என்ற ஒரே காரணத்துக்காக என்னைப் பிடித்துக் கேள்வி கேட்காத ஆள் இல்லை. "மண்ணுக்குள்ள அது எப்படி இருக்கும், கம்பியாவா?" என்று கேட்டவரும் உண்டு. கிண்டலாகச் சொல்லவில்லை, நல்ல கேள்விதான். எல்லோருக்கும் நான் எடுத்துக்காட்டாகச் சொல்வது தென்கொரியாவில் இருக்கும் சாங்டோங் என்ற ஒரே சுரங்கத்தைத்தான். உலகின் பெரிய டங்ஸ்டன் ஸ்கார்ன் (சூடான கரைசல் பட்டு மாறிப்போன சுண்ணாம்புக்கல், விளக்கம் கீழே) படிவுகளில் அதுவும் ஒன்று. பாறை எப்படித் தாது ஆகிறது, அதே தாது எப்படி ஒருநாள் வெறும் பாறையாகத் திரும்பிவிடுகிறது, பிறகு எப்படி மறுபடியும் தாதுவாகிறது என்று மூன்றையும் ஒரே மலையில் காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைக் கீழே சேர்த்திருக்கிறேன்.

சாங்டோங் எங்கே இருக்கிறது?

தென்கொரியாவின் வடகிழக்கில் காங்வோன் மாநிலம், அதில் யோங்வோல் மாவட்டம், அதில் மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். தலைநகர் சோலிலிருந்து தென்கிழக்கே போக வேண்டும். சுற்றுவட்டாரம் முழுக்கச் சுரங்க நாடு: பக்கத்துத் தெபெக் நிலக்கரிக்குப் பேர்போனது, கொஞ்சம் தள்ளி யோன்வா என்ற ஈய-துத்தநாகச் சுரங்கங்கள், சின்யேமி என்ற இரும்புச் சுரங்கம். இந்த ஈயம், துத்தநாகம், இரும்பு எல்லாமே ஸ்கார்ன் வகைப் படிவுகள்தான். அந்த வட்டாரத்தின் பழைய சுண்ணாம்புக்கல்லும் அதற்குள் கீழிருந்து ஏறிவந்த கிரானைட்டும் சேர்ந்து செய்த வேலை அது.

டங்ஸ்டன் என்றால் பல்பு இழைதானே? அந்தப் பல்பையே இப்போது யாரும் வாங்குவதில்லை. பிறகு ஏன் இவ்வளவு அடிதடி?

பல்பு இழைக்குப் போவது எப்போதுமே கொஞ்சம்தான், இப்போது அதுவும் இல்லை. உலகில் எடுக்கும் டங்ஸ்டனில் பாதிக்கு மேல் கார்பைடாகிறது, அதாவது கரியோடு சேர்த்துச் செய்யும் மிகக் கடினமான பொருள். லேத் பட்டறையில் இரும்பைச் சீவும் அந்தச் சின்ன முக்கோண, சதுரத் துண்டுகளைப் பார்த்திருப்பீர்கள், கோயம்புத்தூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அதுதான். போர்வெல் வண்டியின் துளைமுனையில் பதித்திருக்கும் குமிழ்களும் அதுதான். உருகுநிலை 3,422 டிகிரி செல்சியஸ், உலோகங்களிலேயே இதுதான் அதிகம். அடர்த்தி கிட்டத்தட்ட தங்கத்துக்குச் சமம், 19.3. கவசத்தைத் துளைக்கும் குண்டுக்கு உள்ளே வைப்பதற்கு இதைவிட வாகான பொருள் குறைவு. 1910களிலிருந்தே போர் வந்தால் டங்ஸ்டன் விலை ஏறும், போர் முடிந்தால் விழும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் கதை முழுக்க இந்த ஒரு வரியில்தான் ஓடுகிறது.

சரி, ஸ்கார்ன் என்றால் என்ன?

ஸ்வீடன் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்களின் சொல். இரும்புத் தாதுவோடு கூடவே வந்து தொல்லை கொடுத்த, விலைபோகாத கல்லை அவர்கள் அப்படி அழைத்தார்கள். கழிவு என்று பொருள்படும் அந்தச் சொல்லே இன்று உலகத்தின் டங்ஸ்டனில் பெரும்பங்கு தரும் பாறைக்குப் பெயராக நிற்கிறது.

நடப்பது இதுதான். பூமிக்குள் சில கிலோமீட்டர் ஆழத்தில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. அதன் பக்கத்திலோ அடியிலோ உருகிய கிரானைட் குழம்பு வந்து நிற்கிறது. முதலில் வெறும் சூடு, சுண்ணாம்புக்கல் வெந்து பளிங்காகிறது. பிறகு குழம்பு ஆறும்போது அதற்குள் கரைந்திருந்த தண்ணீர் வெளியேறுகிறது. நாம் குடிக்கும் தண்ணீர் மாதிரி நினைக்க வேண்டாம், 500, 600 டிகிரியில், பெரும் அழுத்தத்தில், உப்பும் சிலிக்காவும் இரும்பும் கரைந்த ஒரு கஷாயம். அது சுண்ணாம்புக்கல்லைத் தொட்டதும் கல் மாறுகிறது. காளவாயில் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கரியமில வாயு வெளியேறும் இல்லையா, அதே வாயு இங்கேயும் வெளியேறுகிறது. ஆனால் அதன் இடத்தில் சிலிக்காவும் இரும்பும் அலுமினியமும் வந்து உட்கார்ந்து, மிச்சமிருக்கும் கால்சியத்தோடு சேர்ந்து கார்னெட்டாகவும் பைராக்சீனாகவும் ஆகின்றன. தூத்துக்குடி, திருநெல்வேலிக் கடற்கரையில் சிவப்பு மணலாகக் கிடக்கும் கார்னெட்டின் பங்காளிதான் இது. அங்கே இரும்பு வகை அதிகம், இங்கே கால்சியம் வகை, அவ்வளவுதான் வேறுபாடு.

வாயு போனதும் கல் சுருங்குகிறது, இடுக்குகள் உண்டாகின்றன. அந்த இடுக்கு வழியாக அடுத்த தவணைக் கரைசல் இன்னும் உள்ளே போகிறது. கரைசலில் டங்ஸ்டன் இருந்தால் அது கால்சியத்தைப் பார்த்ததும் ஒட்டிக்கொள்ளும், இரண்டும் சேர்ந்ததுதான் ஷீலைட் என்ற கனிமம். கால்சியம் டங்ஸ்டேட் என்று வேதியியலில் சொல்வார்கள். இதனால்தான் டங்ஸ்டனுக்குச் சுண்ணாம்புக்கல் ஒரு பொறி மாதிரி. கிரானைட்டும் சுண்ணாம்பும் சந்திக்கும் இடமெல்லாம் டங்ஸ்டன் கிடைக்கும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடாதீர்கள். நூற்றில் தொண்ணூறுக்கு மேல் வெறும் கார்னெட்டோடு முடிந்துவிடும் என்பதுதான் என் அனுபவத்துக்குப் பட்டது.

சாங்டோங்கில் அந்தச் சுண்ணாம்புக்கல் எது?

இங்கேதான் சுவாரசியம். அங்கே அடியில் ஜாங்சான் என்று பெயரிட்ட கடினமான குவார்ட்சைட், அதன்மேல் மியோபோங் என்ற கரும்பலகைக்கல், அதற்கும் மேலே புங்சோன் என்ற தடிமனான சுண்ணாம்புக்கல். கீழ்மட்டத்திலிருந்து மேலே வரை எல்லாம் கேம்ப்ரியன் காலத்தவை, ஏறக்குறைய 50 கோடி ஆண்டு வயது. டங்ஸ்டன் அந்தப் பெரிய சுண்ணாம்பு மலையில்தான் குவிந்திருக்கும் என்று யாருமே நினைப்பார்கள். இல்லை. பலகைக்கல்லுக்குள் நடுநடுவே மெல்லிய சுண்ணாம்புப் பட்டைகள் சில உண்டு, ஒன்றுக்கொன்று பக்கத்தில் பிஸ்கட்டுக்கு இடையே கிரீம் வைத்த மாதிரி. அவற்றில் மேலாக இருக்கும் ஒன்றுதான் முதன்மைப் படிவு. தடிமன் சுமார் 4 மீட்டர், ஒரு மாடி வீட்டு உயரம் சொச்சம். நீளம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல். வடக்குப் பக்கமாக 25 டிகிரி அளவில் சாய்ந்து மலைக்குள் இறங்குகிறது. அதற்கு அடியில் இன்னும் சில மெல்லிய பட்டைகள், மேலே பெரிய சுண்ணாம்பின் அடிவாரத்தில் தடிமனான, தரம் குறைந்த ஒரு பகுதி.

மெல்லிய பட்டை ஏன் ஜெயித்தது? மேலும் கீழும் பலகைக்கல் மூடி போட்ட மாதிரி இருப்பதால், உள்ளே நுழைந்த கரைசலுக்குப் பட்டை வழியாகவே போக வேண்டிய கட்டாயம், குழாய்க்குள் போகும் தண்ணீர் மாதிரி. வழி முழுக்கச் சுண்ணாம்பு, வழி முழுக்க வேதிவினை. பெரிய சுண்ணாம்புக்குள் போன சரக்கு பரவி மெலிந்துவிட்டது.

கிரானைட் எங்கே? இந்த அடுக்குகளில் காணோமே?

தரைமட்டத்தில் காணவே காணாது. சுரங்கம் ஓடிய காலத்தின் பெரும்பகுதி, படிவைச் செய்த கிரானைட்டைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை. விருந்து சாப்பிட்டாயிற்று, சமையல்காரர் யாரென்று தெரியாது என்கிற கதை. பிறகு ஆழமாகத் துளையிட்டபோதுதான் முதன்மைப் படிவுக்குப் பல நூறு மீட்டர் கீழே அது தட்டுப்பட்டது. வயது ஏறக்குறைய 8.5 கோடி ஆண்டு, கிரிடேசியஸ் காலம். சுண்ணாம்புக்கும் கிரானைட்டுக்கும் நடுவே 40 கோடி ஆண்டுக்கு மேல் இடைவெளி. அந்தக் கல் அவ்வளவு காலம் சும்மா கிடந்துவிட்டு, ஒருநாள் அடுப்பில் ஏறியது.

அழகாக அடுக்கடுக்காக இருக்கிறது. கடலடியில் படியும்போதே டங்ஸ்டனும் சேர்ந்து படிந்திருக்கக் கூடாதா?

கேட்க வேண்டிய கேள்வி. அடுக்குக்கு இணையாகத் தாது இருந்தால் முதலில் அந்தச் சந்தேகம்தான் வரும். ஆனால் படிவுக்குள்ளே நடந்து பார்த்தால் வேறு கதை சொல்கிறது. நடுப்பகுதியில் குவார்ட்ஸும் மைக்காவும். அதைச் சுற்றி ஆம்ஃபிபோல் என்ற கரும்பச்சைக் கனிமம். வெளிவட்டத்தில் பைராக்சீனும் கார்னெட்டும். கடலடி வண்டல் இப்படி வட்டம் வட்டமாகப் படியாது. நடுவில் சூடான கரைசல் ஏறிவந்து வெளிப்பக்கமாகப் பரவியதன் தடம் இது. முதலில் கார்னெட்டும் பைராக்சீனும் உண்டாகி, பிறகு குளிர்ந்துகொண்டே போன தண்ணீர் நடுப்பகுதியை மறுபடி கரைத்து ஆம்ஃபிபோலாகவும், இன்னும் பிறகு மைக்காவாகவும் மாற்றியிருக்கிறது. வீட்டை ஒருமுறை கட்டி, பிறகு நடுக்கூடத்தை மட்டும் இரண்டு தடவை இடித்துக் கட்டிய மாதிரி.

டங்ஸ்டன் தரமும் அதே வரிசையில்தான். வெளிவட்டத்தில் குறைவு, நடு மைக்கா-குவார்ட்ஸ் பகுதியில் அதிகம். தொடக்ககாலச் சுரங்கம் நடுப்பகுதியைத்தான் முதலில் காலி செய்தது, இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஷீலைட்டைக் கையில் எடுத்தால் தெரியுமா?

வெளிச்சத்தில் தெரியாது. வெள்ளை, மங்கிய மஞ்சள், பழுப்பு. பக்கத்திலிருக்கும் குவார்ட்ஸோடு, ஃபெல்ஸ்பாரோடு கலந்துவிடும். பழகிய கைக்குக் கனம் காட்டிக்கொடுக்கும். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, ஷீலைட்டுக்கு 6. ஆனால் அரிசி மணி அளவில் பாறைக்குள் சிதறிக் கிடப்பதை எடைபோட்டா பார்ப்பது?

அதற்குத்தான் புற ஊதா விளக்கு. கல்லூரியில் படிக்கும்போது ஆய்வக உதவியாளர் ஒருநாள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, அழுக்குப் பச்சையாக ஒரு கல்லைப் பலகைமேல் வைத்து விளக்கைப் போட்டார். கல் காணாமல் போய்விட்டது, அது இருந்த இடத்தில் நீலவெள்ளைப் புள்ளிகள் மட்டும், ஊருக்கு வெளியே மொட்டைமாடியில் படுத்துப் பார்க்கும் வானம் மாதிரி. "தொட்டுப் பாரு தம்பி, சுடாது" என்றார். தொடப் போன என் சட்டையின் பித்தானும் பளிச்சென்று ஒளிர்ந்தது, எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கே ஒரு பாடம்: ஒளிர்வதெல்லாம் ஷீலைட் இல்லை. காகிதம், நூல், சில ஃபுளோரைட், சில கால்சைட் எல்லாமே ஏமாற்றும். இன்னொன்று, விளக்கு குட்டை அலைநீளமாக இருக்க வேண்டும், ரூபாய் நோட்டுச் சரிபார்க்கும் கடை விளக்கில் ஷீலைட் சரியாக ஒளிராது. குட்டை அலை கண்ணுக்குக் கெடுதி, கண்ணாடி இல்லாமல் வெறுங்கண்ணால் விளையாடாதீர்கள்.

நிறத்திலும் தகவல் உண்டு. சுத்தமான ஷீலைட் நீலம். மாலிப்டினம் என்ற உலோகம் கலக்கக் கலக்க வெள்ளையாகி மஞ்சளுக்குப் போகும். சுரங்கச் சுவரில் விளக்கடித்து, நிறத்தைப் பார்த்தே எந்தப் பகுதியில் எது கலந்திருக்கிறது என்று ஓரளவுக்குச் சொல்லிவிடலாம்.

யார் கண்டுபிடித்தது?

1916இல் அங்கே டங்ஸ்டன் இருப்பது தெரிந்தது. காலத்தைக் கவனியுங்கள்: முதல் உலகப் போரின் நடுவே, விலை உச்சத்தில் இருந்த வருடம். கொரியா அப்போது ஜப்பானின் ஆட்சியில். மலைமலையாக மக்கள் கனமான கல்லைத் தேடிக்கொண்டிருந்தார்கள், ஒளிர்வைப் பார்க்கும் கைவிளக்கெல்லாம் அப்போது புழக்கத்துக்கு வரவில்லை, கண்ணும் கையும் ஓடைமணல் அரிக்கும் தட்டும்தான். பெரிய அளவில் உற்பத்தி தொடங்கியது அடுத்த போரின் காலத்தில், ஜப்பானியத் தொழிற்சாலைகளுக்காக.

கொரியாவின் ஏற்றுமதியில் பாதி இந்த ஒரு சுரங்கம் என்று படித்தேன். நம்பலாமா?

நம்பலாம், ஆனால் எந்தக் காலம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். 1950இல் கொரியப் போர் வெடித்தது. அதுவரை மேற்கு நாடுகளுக்கு அதிகமாக டங்ஸ்டன் தந்துகொண்டிருந்தது சீனா, அதே சீனா அந்த வருடக் கடைசியில் எதிர்ப்பக்கம் நின்று சண்டைக்கு வந்துவிட்டது. விலை எகிறியது. அமெரிக்காவுக்கு டங்ஸ்டன் வேண்டும், தென்கொரியாவுக்கு டாலர் வேண்டும். 1952இல் இரண்டு நாடும் டங்ஸ்டன் ஒப்பந்தமே போட்டன. போரில் நொறுங்கி, ஏற்றுமதிக்கு மீனும் கடற்பாசியும் தவிரச் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாத நாட்டில், அந்த வருடங்களில் சிலவற்றில் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல் டங்ஸ்டன், அதில் பெரும்பகுதி சாங்டோங். இன்று சாம்சங், ஹூண்டாய் என்று பேசும் நாடு ஒரு காலத்தில் 4 மீட்டர் தடிமன் உள்ள பாறையை நம்பி நின்றது.

இன்னொரு கண்ணி. சுரங்கத்தை நடத்திய அரசு நிறுவனமான கொரியா டங்ஸ்டனுக்கு 1960களின் நடுவில் தலைவராக இருந்தவர் பார்க் தே-ஜூன். 1968இல் போஸ்கோ உருக்காலையைத் தொடங்கியவர் இவர்தான்.

அந்தப் பணமெல்லாம் ஒழுங்காகச் செலவானதா?

இல்லை. 1952லேயே ஒரு ஊழல். டங்ஸ்டன் விற்று வந்த டாலர் இயந்திரங்கள் வாங்கப் போக வேண்டியது. அதை வேண்டப்பட்ட வணிகர்களுக்கு ஒதுக்கி, அவர்கள் கோதுமை மாவும் உரமும் இறக்குமதி செய்து, பஞ்சத்தில் இருந்த விவசாயிகளிடம் பல மடங்கு விலைக்கு விற்றார்கள். டங்ஸ்டன் டாலர் விவகாரம் என்றே கொரிய அரசியல் வரலாற்றில் அதற்குப் பெயர். கனிமம் கிடைத்தால் ஊர் தானாகச் செழித்துவிடும் என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் எடுத்துச் சொல்வது.

தாது தீர்ந்துபோய்த்தானே மூடினார்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் பேர் தவறான பதில் வைத்திருக்கிறார்கள். தீரவில்லை. 1980களில் சீனா சந்தையில் டங்ஸ்டனைக் கொட்ட ஆரம்பித்தது, விலை சரிந்தது, உலகம் முழுக்கச் சுரங்கங்கள் வரிசையாக மூடின. கனடாவின் கான்டங் 1986இல் நின்றது, ஆஸ்திரேலியாவின் கிங் தீவுச் சுரங்கம் 1990இல். இரண்டும் ஸ்கார்ன் படிவுகள், இரண்டிலும் தாது மிச்சம். சாங்டோங் 1990களின் தொடக்கத்தில் மூடியது. 1994இல் அரசு நிறுவனத்தைத் தனியாருக்கு விற்றது. வாங்கிய குழுமம் 1998 நிதி நெருக்கடியில் சரிந்தது. தேகு நகரத்தில் இருந்த வெட்டுக்கருவித் தொழில் தேகுடெக் என்ற பெயரில் இஸ்ரேலின் இஸ்கார் குழுமத்துக்குப் போய், 2006இல் இஸ்காரோடு சேர்ந்து வாரன் பஃபெட் கைக்கு வந்தது. அதாவது மலையை விட்டுவிட்டு, மலையிலிருந்து முளைத்த தொழில் மட்டும் நன்றாக ஓடியது.

தாது என்பதே பாறையைப் பற்றிய சொல் இல்லை, விலையைப் பற்றிய சொல். வெட்டி, அரைத்து, பிரித்து விற்றால் காசு மிஞ்சும் பாறைக்குத்தான் தாது என்று பெயர். மிஞ்சாவிட்டால் அதே பாறை வெறும் பாறை.

தரம் 0.5 சதவீதம் என்கிறார்கள். அரை சதவீதத்துக்கா இவ்வளவு பாடு?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். புதிய திட்டத்தில் சொல்லும் சராசரி, டங்ஸ்டன் ஆக்சைடாகக் கணக்கிட்டு, கிட்டத்தட்ட அரை சதவீதம். ஒரு டன் பாறை என்பது 70 சென்டிமீட்டர் பக்கம் கொண்ட கனசதுரம், சின்ன வாஷிங் மெஷின் அளவு. அதில் 5 கிலோ ஆக்சைடு. ஆக்சிஜனைக் கழித்தால் 4 கிலோ உலோகம். டங்ஸ்டன் அவ்வளவு கனம் என்பதால் 4 கிலோ உலோகமும் ஒரு டம்ளருக்குள் அடங்கிவிடும். வாஷிங் மெஷினை அரைத்து ஒரு டம்ளர் எடுக்கும் வேலை. கேட்கக் குறைவாகப் படும், ஆனால் தங்கச் சுரங்கத்தில் ஒரு டன்னுக்கு 5 கிராம் கிடைத்தாலே நல்ல தரம் என்பார்கள்.

எப்படி வெட்டுகிறார்கள்?

நிலத்தடியில். 25 டிகிரி சாய்வு சுரங்கக்காரருக்குச் சங்கடமான சாய்வு: உடைத்த கல் தானாகச் சரிந்து இறங்க இது போதாது, வண்டி ஓட்ட இது அதிகம். அதனால் குறுக்குச் சுரங்கங்கள், சாய்வுப் பாதைகள், இடையிடையே கூரையைத் தாங்க விட்டுவைத்த தூண்கள். பழைய காலத் தூண்களிலும் நல்ல தாது உண்டு, ஆனால் அதைத் தொட்டால் தலைமேல் மலை. புதிய முறையில் வெட்டிய வெற்றிடத்தைக் கழிவையும் சிமென்ட்டையும் குழைத்து நிரப்பிக்கொண்டே போவார்கள்.

பிரித்தெடுப்பது?

அரைத்து, நுரையில் மிதக்கவிடுவார்கள். தண்ணீரில் கொழுப்பு அமிலம் கலந்து காற்றை ஊதினால் ஷீலைட் மணிகள் குமிழோடு ஒட்டி மேலே வரும். தொல்லை என்னவென்றால் கால்சைட்டும் ஃபுளோரைட்டும்கூட கால்சியம் கனிமங்கள், அவையும் கூடவே ஏறிக்கொள்ளும். அதற்குக் கூழைச் சோடியம் சிலிக்கேட்டோடு 80, 90 டிகிரி வரை சூடாக்கி மறுபடி மிதக்கவிடும் ஒரு பழைய உத்தி இருக்கிறது. ஷீலைட் நொறுங்கும் குணமுள்ளது, அளவுக்கு மீறி அரைத்துவிட்டால் மாவாகிச் சேற்றோடு போய்விடும். நம் வீட்டு மிக்ஸியில் பொடி திரிப்பவர்களுக்கு இந்தப் பதம் புரியும்.

மூடிய சுரங்கத்தில் மறுபடி என்ன தேடினார்கள்?

2000களின் நடுவில் விலை ஏறத் தொடங்கியது. 2006இல் கனடாவில் பதிவான ஓரியன்டல் மினரல்ஸ் உரிமை வாங்கித் துளையிட ஆரம்பித்தது, 2010இல் அது வூல்ஃப் மைனிங் என்று பெயர் மாற்றிக்கொண்டது, 2015இல் ஆல்மான்டி நிறுவனம் அதை வாங்கியது, 2021இல் புதிய ஆலைக்கு அடிக்கல். மூன்று வரியில் எழுதிவிட்டேன், நடுவே 15 வருடம்.

பழைய சுரங்கத்தை ஆய்வது புது மலையை ஆய்வதைவிடச் சுலபம் என்று தோன்றும். பாதி உண்மை. சுரங்க வரைபடங்கள் இருக்கின்றன, எங்கே நடு மைக்கா வளையம், எங்கே ஆம்ஃபிபோல் என்று தெரியும். ஆனால் வரைபடத்தில் "வெட்டவில்லை" என்றிருக்கும் இடம் உண்மையிலேயே வெட்டப்படவில்லையா? துளையிட்டால் கல் வருமா, வெற்றிடம் வருமா? தண்ணீர் நிறைந்த பழைய அறைக்குள் துளை போய் விழுந்தால் அன்றைய நாள் முடிந்தது. அதோடு, இன்றைய முதலீட்டாளர் ஏற்கும் கணக்குக்குப் பழைய காகித எண்கள் போதாது, குறிப்பிட்ட இடைவெளியில் துளையிட்டு, கல் உருளைகளை ஆய்வகத்துக்கு அனுப்பி, எல்லாவற்றையும் முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும்.

இந்த வேலையில் அடித்தட்டும் கவனத்துக்கு வந்தது. டங்ஸ்டன் பட்டைகளுக்குக் கீழே, ஜாங்சான் குவார்ட்சைட்டுக்குள், கிரானைட்டுக்குப் பக்கமாகக் குவார்ட்ஸ் நரம்புகளில் மாலிப்டினம். மேலே ஷீலைட், கீழே மாலிப்டினைட் என்ற மாலிப்டினக் கனிமம், இரண்டுக்கும் அடியில் கிரானைட் என்று ஒரே குழாயின் இரண்டு மாடி.

இப்போது ஏன் திடீரென்று எல்லோரும் பேசுகிறார்கள்?

உலக டங்ஸ்டனில் சுமார் 80 சதவீதம் சீனாவிலிருந்து வருகிறது. 2025 பிப்ரவரியில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2027 ஜனவரி முதல் சீன டங்ஸ்டனை வாங்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. 1950இல் நடந்த அதே காட்சி, நடிகர்களும் ஏறக்குறைய அவர்களே.

அரிட்டாபட்டிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பாறைகளின் கதையே வேறு. 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி, 2,015 ஹெக்டேர் சொச்சம், ஏலத்தில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனது. அதற்குள் அரிட்டாபட்டி பல்லுயிர் மரபுத் தலமும் வந்தது. மேலூர் மக்கள் எழுந்தார்கள், டிசம்பர் 9இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரி 23இல் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. இது எல்லோருக்கும் தெரிந்த கதை.

மதுரைப் பக்கப் பாறைகள் பூமியின் ஆழத்தில் 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே வெந்து உருமாறியவை. சாங்டோங்கில் அந்தக் காலத்தில் சுண்ணாம்பு அப்போதுதான் கடலில் படிந்துகொண்டிருந்தது. இரண்டையும் ஒப்பிட்டு, "கொரியாவைப் பார், அங்கே பணக்காரர்கள் ஆகவில்லையா" என்று அப்போது எழுதியவர்களைப் பார்த்து எரிச்சல்தான் வந்தது. ஏலத்துக்கு வரும் தொகுதிக்கும் ஓடும் சுரங்கத்துக்கும் நடுவே எவ்வளவு துளையிடல், எத்தனை வருடம், எத்தனை கைமாற்றம் என்று மேலே பார்த்தீர்கள். தரமும் தடிமனும் நிரூபிக்கும் முன்பே லாபக் கணக்குப் பேசுவது நிலவியல் இல்லை.

போய்ப் பார்க்கலாமா? ஊர் எப்படி இருக்கும்?

சுரங்கத்துக்குள் விடமாட்டார்கள். ஊரைப் பார்க்கலாம். உச்சக் காலத்தில் 20,000 பேருக்கு மேல் இருந்த ஊர், இன்று ஆயிரம் சொச்சம் பேர். அந்த நாட்டில் பேரூர் என்ற தகுதி உள்ள ஊர்களிலேயே மக்கள்தொகை குறைந்தது இதுதான்.

கடைசியாக ஒன்று: டங்ஸ்டனுக்கு ஏன் W என்று குறி?

வோல்ஃப்ராம் என்ற ஜெர்மன் பெயரிலிருந்து. வெள்ளீயம் உருக்கும்போது இந்தக் கல் கலந்திருந்தால் கிடைக்கும் வெள்ளீயம் குறைந்துவிடும், ஓநாய் ஆட்டைத் தின்கிற மாதிரி தின்கிறது என்று பழைய தொழிலாளர்கள் திட்டி வைத்த பெயர். டங்ஸ்டன் என்பது ஸ்வீடிஷ் மொழியில் கனமான கல், வேடிக்கை என்னவென்றால் ஸ்வீடன்காரர்களே இன்று வோல்ஃப்ராம் என்றுதான் சொல்கிறார்கள். கொரியாவில் பழைய பெயர் ஜுங்சோக். ஜுங் என்றால் கனம், சோக் என்றால் கல்.